நியூஸ் வாசிக்கிற மாதிரி பேசுற குழந்தைங்க

போன ஜூலைல என் சித்தப்பா பொண்ணு நியூஜெர்சில இருந்து குடும்பத்தோட தஞ்சாவூர் வந்திருந்தா, அவ பொண்ணுக்கு ஒம்போது வயசு, மூணு வருஷமா அங்க வாராவாரம் தமிழ் கிளாஸ் போறா, கையெழுத்தெல்லாம் அச்சு மாதிரி இருக்கும். வந்த அன்னிக்கு மத்தியானம் சித்தி அடுப்படில இருந்து எட்டிப் பாத்து "சாப்டியாடி தங்கம்?"னு கேட்டாங்க. அவ நிமிந்து உக்காந்து, "ஆம் அம்மாச்சி, நான் சாப்பிட்டுவிட்டேன்"னா.

கூடமே சிரிச்சுது. நானுந்தான் சிரிச்சேன். ஒரு மாமா "தூர்தர்ஷன்ல நியூஸ் வாசிக்கிற பொண்ணு வந்திருக்கு பாருங்கடா"ன்னாரு. யாரும் கேலி பண்ணணும்னு சிரிக்கல, பாசத்துல வந்த சிரிப்புதான், ஆனா அதுக்கு அதெல்லாம் தெரியுமா? மொதல்ல கூட சேந்து சிரிச்சுது, அப்புறம் காது ரெண்டும் செவந்துபோச்சு, ஊர்ல இருந்த மிச்ச நாள் பூரா இங்கிலீஷ்தான். கேட்டா "மை டமில் இஸ் ஃபன்னி"ங்குது.

அந்தப் பொண்ணு சொன்ன வாக்கியத்துல ஒரு தப்பும் கிடையாது. விகுதி சரி, வினைமுற்று சரி, சந்தி கூட சரி. எந்தத் தமிழாசிரியரும் முழு மார்க் போடுவாரு. அப்படி நூத்துக்கு நூறு சரியான தமிழ் ஒரு தமிழ் வீட்டுக்குள்ள எப்படி ஜோக் ஆச்சுங்கறதுதான் எனக்கு அன்னிலேர்ந்து மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு.

இதோட அடிப்படை பெரும்பாலான பேருக்குத் தெரிஞ்சதுதான், எழுத்துத்தமிழ் வேற பேச்சுத்தமிழ் வேற. 1959ல சார்ல்ஸ் ஃபெர்குசன்னு ஒரு அமெரிக்க மொழியியல் அறிஞர் இந்த மாதிரி ஒரே மொழி ரெண்டு அடுக்கா இருக்கறதுக்கு டைக்ளோஸியாங்கற பேர பிரபலமாக்கினாரு, நம்மாளுங்க அத இரட்டை வழக்குன்னு சொல்லுவாங்க. அவரு எடுத்துக்கிட்ட உதாரணம் நாலு: அரபி, கிரேக்கம், சுவிஸ் ஜெர்மன், ஹெய்ட்டி நாட்டு கிரியோல். தமிழும் இதே கதைதான்னு அவரே போற போக்குல சொல்லிருப்பாரு. இதுல கவனிக்க வேண்டிய விஷயம் என்னன்னா மேல இருக்கற அடுக்கு, அதாவது எழுத்துத்தமிழ், யாரோட தாய்மொழியும் இல்ல. எந்த அம்மாவும் குழந்தைகிட்ட "பால் அருந்தினாயா"ன்னு கேக்கறதில்ல. நம்ம எல்லாருக்குமே அது பள்ளிக்கூடத்துல போய் கத்துக்கிட்ட ரெண்டாவது மொழி மாதிரிதான், ஆனா நம்ம அப்படி நினைக்கறதே இல்ல, அதுதான் "ஒரிஜினல்" தமிழ், நாம பேசுறது அதோட கெட்டுப்போன காப்பின்னு நினைக்கிறோம். வரலாற்றுல அப்படி நேர்கோடா ஒண்ணும் நடக்கல, பேச்சு எப்பவுமே பக்கத்துல ஓடிட்டுதான் இருந்திருக்கு.

வெளியில இருந்து வந்து கத்துக்கிட்டவங்களுக்கு இது ஒடனே புரிஞ்சிருச்சு, ஏன்னா அவங்களுக்கு வேற வழியில்ல. 1706ல தரங்கம்பாடிக்கு வந்து எறங்கின ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு ஒரு வாத்தியார வீட்டுக்கே வரச்சொல்லி திண்ணைப் பள்ளிக்கூடம் மாதிரி நடத்தவெச்சு, சின்னப் பசங்களோட பசங்களா தரைல உக்காந்து மணல்ல எழுதி எழுதி தமிழ் படிச்சாரு. அவருக்கப்புறம் வந்த இத்தாலிப் பாதிரியார் வீரமாமுனிவர் இன்னும் கில்லாடி, செந்தமிழுக்கு ஒரு இலக்கணம், கொடுந்தமிழுக்கு ஒரு இலக்கணம்னு லத்தீன்ல தனித்தனியா ரெண்டு எழுதிட்டாரு. கொடுந்தமிழ்னா இங்க கொடுமையான தமிழ் இல்ல, சனங்க பேசுற வளைஞ்ச தமிழ். அவங்க நோக்கம் மதம் பரப்பறதுதான், அத மறைக்க வேண்டாம், ஆனா சந்தைல நிக்கிறவனுக்குப் புரியலன்னா பிரசங்கம் பண்ணி என்ன புண்ணியம், அதனால ரெண்டையும் கத்துக்கிட்டாங்க. ஆக முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு இத்தாலிக்காரருக்குத் தெரிஞ்ச விஷயம் இன்னிக்கு வெளிநாட்டுல வார இறுதி வகுப்புக்கு வாங்குற பல புத்தகங்கள்ல முதல் பாடத்துல இருக்காது.

ஏன் இருக்காது? இதுக்குப் பெரிய சதியெல்லாம் தேட வேண்டாம். நம்மூர் பள்ளிக்கூடத்து தமிழ்ப் பாடம் யாருக்கும் பேசக் கத்துக்குடுக்கறதுக்காக வந்ததே கிடையாது. ஒண்ணாங்கிளாஸ்ல வந்து உக்கார்ற பிள்ளை ஏற்கனவே அஞ்சு வருஷம் பேசி, சண்டை போட்டு, கெட்ட வார்த்தை வரைக்கும் கத்துக்கிட்டு வந்திருக்கும், பள்ளிக்கூடத்தோட வேலை அதுக்கு மேல எழுத்த ஏத்தறது மட்டும்தான். அந்தப் பாடமுறைய அப்படியே பெட்டில கட்டி எடுத்துட்டு போய் வீட்டுல இங்கிலீஷ் மட்டும் கேக்கற பிள்ளைங்களுக்கு நடத்தினா என்ன ஆகும்? அஸ்திவாரம் போடாம மாடி கட்டின கதை. அந்தப் பிள்ளைக்கு "உண்டேன்" தெரியும் "சாப்டேன்" தெரியாது, "பேருந்து நிலையம்" தெரியும் ஆனா தஞ்சாவூர்ல போய் "பேருந்து நிலையம் எங்கே உள்ளது"ன்னு ஆட்டோக்காரர்கிட்ட கேட்டா அவரு ஒரு செகண்ட் உத்துப் பாத்துட்டு "பஸ் ஸ்டாண்ட்? ஸ்ட்ரெய்ட், லெஃப்ட்"னு இங்கிலீஷ்லயே பதில் சொல்லுவாரு. இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்ல, தமிழ் கத்துக்கிட்டு வர்ற யார்கிட்ட வேணா கேட்டுப் பாருங்க, தமிழ்ல கேட்டா இங்கிலீஷ்ல பதில் வருதுங்கற பொலம்பல் கண்டிப்பா இருக்கும்.

சரி, அப்ப பேச்சுத்தமிழையே சொல்லிக்குடுத்துட வேண்டியதுதானேன்னா, அங்கதான் அடுத்த வில்லங்கம். எந்தப் பேச்சு?

"போய்க்கொண்டிருக்கிறேன்" ஒரு சொல்ல மட்டும் எடுங்க. சென்னைல "போய்ட்ருக்கேன்", எங்க தஞ்சாவூர் பக்கம் "போய்க்கிட்ருக்கேன்", கோயமுத்தூர்ல அதோட பின்னாடி ஒரு "ங்க" ஒட்டிக்கும், யாழ்ப்பாணத்துல "போய்க்கொண்டிருக்கிறன்". வேடிக்கை பாருங்க, இருக்கறதுலயே புத்தகத்துக்குக் கிட்ட இருக்கறது யாழ்ப்பாணத்துக்காரங்க பேச்சுதான், ஆனா தமிழ்நாட்டு ஆளுக்கு அதக் கேட்டா சப்டைட்டில் வேணும்.

ஊரு மட்டும்னா பரவால்ல, ஏதாவது ஒரு ஊர எடுத்துக்கலாம். பேச்சுத்தமிழ் வாயத் தொறந்ததும் சாதியையும் மதத்தையும் சேத்துக் காட்டிக்குடுத்துடும். "ஆத்துக்கு வாங்கோ"ன்னா ஒரு முகம் வருது, அப்பாவ "வாப்பா"ன்னா வேற முகம் வருது, "தண்ணி"யா "ஜலமா"ன்னு ஒரே ஒரு சொல் போதும். எழுத்துத்தமிழுக்கு இந்த வேலை தெரியாது. நான் இதத்தான் முக்கியமா நினைக்கிறேன், நம்ம வாத்தியாருங்க எழுத்துத்தமிழ விடமாட்டேன்னு புடிச்சுக்கிட்டு நிக்கறதுக்கு தூய்மைப் பைத்தியம்தான் காரணம்னு நிறைய பேர் ஈஸியா சொல்லிடறாங்க, அது பாதி உண்மை. மீதிப் பாதி, எழுத்துத்தமிழ் யாரோட வீட்டுத்தமிழும் இல்லங்கறதாலயே அது எல்லாருக்கும் பாதுகாப்பான இடமா இருக்கு. ஒரு சேரில இருந்து படிச்சு மேல வந்தவருக்கு மேடைல "அன்பார்ந்த பெரியோர்களே"ன்னு ஆரம்பிக்கும்போது கெடைக்கற கவசத்த, போய் பேச்சுத்தமிழ்ல பேசுங்க அதான் இயல்புன்னு சொல்லிப் புடுங்க முடியாது. யாரோட இயல்பு?

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல இருந்த ஹெரால்ட் ஷிஃப்மன் இந்த முடிச்ச அவிழ்க்கப் பாத்தவருல ஒருத்தர், 1999ல பேச்சுத்தமிழுக்குன்னு ஒரு முழு இலக்கணமே போட்டாரு. அவரோட வாதம் என்னன்னா, யாரும் கமிட்டி போட்டு முடிவு பண்ணாமயே ஒரு பொதுப் பேச்சுத்தமிழ் ஏற்கனவே உருவாகிடுச்சு, பல சாதி பல ஊர்க்காரங்க ஒண்ணா கலக்கற காலேஜ், ஹாஸ்டல், அப்புறம் சினிமா, ரேடியோ நாடகம் இதெல்லாம் சேந்து எந்த ஊர் எந்த சாதின்னு சட்டுனு கண்டுபிடிக்க முடியாத ஒரு படிச்சவங்க பேச்ச கொண்டுவந்துடுச்சு, அதச் சொல்லிக்குடுக்கலாம்னு. ஓரளவுக்கு ஒத்துக்கலாம். திருநெல்வேலிக்காரரும் வேலூர்க்காரரும் ரயில்ல எதிர் எதிர்ல உக்காந்தா ரெண்டு பேருமே தன்னோட ஊர்ப்பேச்ச கொஞ்சம் சுருட்டி வெச்சுட்டு நடுவுல ஒரு தமிழுக்கு வந்துடுவாங்க இல்ல, அதான் அது. என்ன, அந்த நடுவுங்கறது எல்லாருக்கும் ஒரே தூரத்துல இல்ல, சிலருக்கு ரெண்டு எட்டு, சிலருக்கு ரெண்டு மைல்.

இத கவர்மென்ட் லெவல்ல எறங்கி செஞ்சு பாத்த நாடு சிங்கப்பூர். அங்க தமிழ் ஆட்சிமொழி, பள்ளிக்கூடத்துல தாய்மொழிப் பாடம், ஆனா வீட்டுல நடக்கறது வேற. 2000 கணக்கெடுப்புல சிங்கப்பூர் இந்தியர்ல சுமார் 43% பேர் வீட்டுல அதிகமா பேசுறது தமிழ்னு சொன்னாங்க, 2010ல அது 37% மாதிரி எறங்கி இங்கிலீஷ் 42%க்கு ஏறி முந்திடுச்சு, 2020ல இங்கிலீஷ் கிட்டத்தட்ட 59%. இந்த சரிவு கண்ணுக்கு முன்னாடி நடந்துட்டிருக்கும்போதே, 2005ல தமிழ்ப் பாடத்திட்டத்த ஆராய்ஞ்ச குழு வகுப்புல பேச்சுத்தமிழுக்கு எடம் குடுக்கணும்னு பரிந்துரை பண்ணுச்சு, கொச்சைப் பேச்சு இல்ல, படிச்சவங்க பொது எடத்துல பேசுற பேச்சு. கேக்க சின்ன விஷயம் மாதிரி இருக்கும். ஆனா அதுவரைக்கும் "வகுப்பில் பேச்சுவழக்கைத் தவிர்க்கவும்"னு பிள்ளைங்கள திருத்தித் திருத்தியே பழகின ஒரு டீச்சர்கிட்ட போய் நாளைலேர்ந்து நீங்களே "என்னப்பா பண்றே"ன்னு கேளுங்கன்னா? அவங்க சங்கடம் எனக்குப் புரியுது. தமிழ் டீச்சர்னாலே நல்ல தமிழ் பேசுறவங்கங்கறது அவங்க சம்பாதிச்ச மரியாதை, இங்கிலீஷ் ராஜ்ஜியம் பண்ற ஸ்டாஃப் ரூம்ல அவங்ககிட்ட இருக்கற சொத்தே அதுதான். பாடத்திட்டத்த மாத்தறது ஒரு சர்க்குலர்ல முடிஞ்சிரும், ஒரு ஆள் தன்னைப் பத்தி வெச்சிருக்கற எண்ணத்த அப்படி மாத்த முடியுமா.

கனடாவுல இதே பிரச்சனை வேற உருவத்துல நிக்குது. அங்க இருக்கற தமிழர்ல பெரும்பாலானவங்க ஈழத்துல இருந்து போனவங்க, அவங்க எழுதறது ரொறன்ரோ. நம்மூர் பேப்பர்ல டொராண்டோ. டீச்சர் அவங்களுக்கு ரீச்சர், டிவி ரீவி, ஜெர்மனி யேர்மனி. இத முதல்முதலா பாக்கற தமிழ்நாட்டு ஆளு இது ஸ்பெல்லிங் மிஸ்டேக்குன்னு நினைப்பாரு, ஆனா அது ஒழுங்கான ஒரு முறை, இங்கிலீஷ் "ட" சத்தத்த ர, ற எழுத்துக்கள வெச்சு எழுதற ஈழத்து மரபு. இப்ப தமிழ்நாட்டுல அச்சான புத்தகத்த வெச்சு தமிழ்நாட்டுக்காரர் ஒருத்தர் பாடம் எடுக்கறாருன்னு வெச்சுக்குங்க, பிள்ளை "நான் அம்மாவோட கதைச்சனான்"னு எழுதுது, அவரு சிவப்பு மைல "பேசினேன்"னு திருத்தறாரு. "கதைக்கிறது" தப்பில்ல, நல்ல பழகின தமிழ். ஆனா அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய் பாக்கும்போது அம்மா தப்பான தமிழ் பேசுறவங்களா ஆயிடறாங்க. ஊர விட்டு, வீட்ட விட்டு, சில பேர் குடும்பத்தையே விட்டு ஓடி வந்தவங்க கையோட கொண்டு வந்தது அந்தப் பேச்சு ஒண்ணத்தான், அதுல போய் சிவப்பு மையா?

இன்னொரு கூத்து, அந்த ழ. வெளிநாட்டுப் பிள்ளை தமிழ் பேசுதுன்னு தெரிஞ்சா ஒடனே "எங்க, வாழைப்பழம் சொல்லு" டெஸ்ட். தென்மாவட்டத்துல பாதிப் பேர் வாளப்பளம், பழைய மெட்ராஸ்ல வாயப்பயம், இலங்கைலயும் பல எடத்துல ள தான். நமக்கு இல்லாத பரீட்சைய அதுக்கு வைக்கிறோம். நாம ஃபெயிலானா வட்டார வழக்கு, அது ஃபெயிலானா தமிழ் வரல.

தமிழ்ல மட்டும்தான் இப்படியான்னா இல்ல, இங்கிலீஷ் சொல்லிக்குடுக்கற உலகத்துல இது இன்னும் பச்சையா இருக்கு, அங்க பேச்சு பத்தின சந்தேகத்த பாஸ்போர்ட்ட வெச்சே தீத்துக்குவாங்க. தென்கொரியாவுல இங்கிலீஷ் டீச்சர் வேலைக்குன்னு இருக்கற ஈ-2 விசா பல வருஷமா ஏழு நாட்டுக்காரங்களுக்குன்னே இருந்துச்சு, அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. சென்னைல எல்.கே.ஜி.ல இருந்து இங்கிலீஷ் மீடியத்துல படிச்சு அதே மொழில எம்.ஏ. முடிச்ச ஒருத்தரு அப்ப வரிசைல நிக்கவே முடியாது, டெக்சாஸ்ல கெமிஸ்ட்ரி படிச்ச பையன் நேரா உள்ள போயிடலாம்னு இருந்துச்சு. இத்தனைக்கும் காதே முகத்தப் பாத்துதான் கேக்குதுன்னு அப்பவே காட்டிட்டாங்க. 1992ல டொனால்ட் ரூபின்ங்கறவரு அமெரிக்காவுல பண்ணின ஆய்வு ரொம்ப பிரபலம், அமெரிக்கப் பொண்ணு ஒருத்தங்க பேசின ஒரே ரெக்கார்டிங்க காலேஜ் பசங்ககிட்ட போட்டுக் காமிச்சாரு, ஒரு குரூப்புக்கு வெள்ளைக்காரப் பொண்ணு போட்டோ, இன்னொரு குரூப்புக்கு ஆசியப் பொண்ணு போட்டோ. ஆசிய முகத்தப் பாத்தவங்களுக்கு இல்லாத ஆக்சென்ட் கேட்டிருக்கு, பாடமும் கம்மியா புரிஞ்சிருக்கு. ரெக்கார்டிங் ஒண்ணேதான்!

இந்த ஆராய்ச்சி உலகத்துல நம்மாளு ஒருத்தர் பெரிய பேரு, சுரேஷ் கனகராஜா. யுத்த காலத்துல யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துல இங்கிலீஷ் நடத்தினவரு. அவருக்குக் கெடைச்சது அமெரிக்காவுல போட்ட ஒரு பாடப்புத்தகம், அதுல அமெரிக்க ஊரு, அமெரிக்க ஆபீஸ், அமெரிக்கக் குடும்பம், வெளில ஷெல் விழுந்துட்டிருக்கு. பசங்க வகுப்புல அடக்கமா உக்காந்து நோட்ஸ் எடுத்தாங்க, கிராமர் மட்டும் போதும் பரீட்சைக்குன்னாங்க. கனகராஜா வருஷக் கடைசில அவங்க புத்தகத்த வாங்கிப் பாத்தா ஓரத்துல பூரா கிறுக்கல், காதல், சினிமா, போராட்டம், புத்தகத்துல இருக்கற படத்து மேலயே தமிழ்ல ஏதேதோ எழுதி வெச்சிருக்காங்க. 1993ல அவரு எழுதின அந்த ஆய்வுக் கட்டுரைல எனக்குப் புடிச்ச எடம் அந்த ஓரம்தான். பாடத்துக்குள்ள அவங்களுக்கு எடம் இல்ல, அதனால மார்ஜின்ல குடியேறிட்டாங்க.

நம்ம விஷயத்துக்கே வரேன், ஏன்னா வெள்ளைக்காரன் நம்மள நடத்தறதப் பத்தி மட்டும் பேசிட்டு எந்திரிச்சுப் போறது ரொம்ப சொகுசு. தமிழ் கத்துக்கறவங்ககிட்ட நாமளும் முகம் பாத்துதான் கேக்கறோம். ஒரு வெள்ளைக்காரர் "வணக்கம், எனக்கு தமிழ் ரொம்ப பிடிக்கும்"னு வீடியோ போட்டா லட்சக்கணக்குல லைக், கண்ல தண்ணி, "இவர்தான் உண்மையான தமிழன்". திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில போன வருஷம் ஒரு வேலையா ரெண்டு நாள் இருந்தேன், ஓவர்லாக் மிஷின்ல ஒடிசாப் பையன் ஒருத்தன், இருவது இருவத்தொண்ணு வயசு இருக்கும், திரும்பிப் பாக்காமயே சூப்பர்வைசருக்கு சத்தம் குடுக்கறான், "நூலு அறுந்துருச்சுங்ணா". அந்த "ங்ணா" நான் பத்து வருஷம் முயற்சி பண்ணாலும் எனக்கு வராது, அத்தன சுத்தமான கொங்கு. புத்தகம் இல்ல, கிளாஸ் இல்ல, சர்டிபிகேட் இல்ல, டீக்கடையும் மெஸ்ஸும் சொல்லிக்குடுத்த தமிழ். அவனுக்கு யாரும் கைதட்டல. நான் பாராட்டி ஏதோ சொன்னதுக்கு பக்கத்துல இருந்தவரு, "ஹிந்திக்காரப் பசங்க, பொழைக்க வந்தா பேசித்தானங்க ஆவணும்"னாரு. அவன் ஊர்ல பேசுறது ஒடியா. அத யாரும் கேக்கக்கூட இல்ல.

அவன் பேச்சு எடுபடுறதுக்கும் எங்க வீட்டுப் பொண்ணு பேச்சு எடுபடாததுக்கும் வித்தியாசம் அறிவுல இல்ல. அவன் சொல்றதுக்கு ஒடனே ஒரு பதில் வருது, "இரு வர்றேன்"னு சூப்பர்வைசர் நூல்கண்டோட வர்றாரு. தப்பா சொன்னா நூல் வராது, அவ்ளோதான், அதனால அடுத்த தடவ சரியா சொல்லுவான். இவளுக்கு சனிக்கிழமை கிளாஸ்ல பதில் சொல்றது யாரு? இவள மாதிரியே இங்கிலீஷ்ல யோசிக்கற பன்னெண்டு பிள்ளைங்களும், வாரம் பூரா ஆபீஸ் வேலை பாத்துட்டு சம்பளம் இல்லாம வந்து நிக்கற ஒரு அப்பாவோ அம்மாவோ. அவங்கள நான் கொற சொல்ல மாட்டேன், அவங்க இல்லன்னா இந்த "சாப்பிட்டுவிட்டேன்" கூட வந்திருக்காது. எழுத்துத்தமிழ தூக்கிப் போடுங்கன்னும் சொல்ல வரல, அது இல்லாம ஒரு கத, ஒரு பேப்பர், ஒரு கல்யாணப் பத்திரிகை படிக்க முடியாது. வரிசைதான் தப்பு. மொதல்ல வாயி, அப்புறம் கை. "சாப்டேன்" வந்தவளுக்கு "சாப்பிட்டேன்" ரெண்டு நாள்ல வந்துரும், திருப்பிப் போட்டா மூணு வருஷம் ஆனாலும் வர மாட்டேங்குது, கண்ணால பாத்தாச்சு.

நடைமுறைல ஒரு சின்ன தலைவலி இருக்கு, ஒத்துக்கறேன். பேச்சுத்தமிழ எப்படி எழுதறதுன்னு யாரும் முடிவு பண்ணி வெக்கல. சாப்டேனா, சாப்ட்டேனா, சாப்புட்டேனா? இந்தக் கட்டுரைலயே நான் எத்தன சொல்ல ரெண்டு விதமா எழுதிருக்கேன்னு எண்ணிப் பாத்தா தெரியும். பாடப்புத்தகம் போடறவங்களுக்கு இது நெசமாவே பெரிய பிரச்சனை, அதனால பல பேர் புத்தகத்த விட்டுட்டு ஆடியோவுக்கு போயிட்டாங்க, அதுதான் புத்திசாலித்தனம்னு எனக்குத் தோணுது.

நாங்களும் அதத்தான் பண்றோம். தீபாவளிக்கப்புறம் சித்திய வாட்ஸப்ல வாய்ஸ் நோட் அனுப்ப பழக்கி விட்டேன், பாட்டிக்கும் பேத்திக்கும் நடுவுல நாங்க யாரும் மூக்க நுழைக்கறதில்ல, திருத்தறதில்ல, முக்கியமா சிரிக்கறதில்ல. மொத ரெண்டு வாரம் அந்தப் பக்கத்துலேர்ந்து வெறும் ஹார்ட்டு எமோஜிதான் வந்துச்சு. அப்புறம் "ஓகே அம்மாச்சி". பொங்கல் சமயத்துல ஒருநாள் சித்தி வழக்கம் போல "சாப்டியாடி"ன்னு அனுப்பிருக்காங்க, பதிலுக்கு ரெண்டு செகண்ட் வாய்ஸ் நோட்டு, பின்னாடி டிவி சத்தம், அவ குரல் அவசரமா, "சாப்டாச்சு". அப்படியே சித்தியோட சொல்லு, எந்தப் பாடத்துலயும் அந்த "ஆச்சு"வ நடத்தியிருக்க மாட்டாங்க.

சித்தி அதக் கேட்டுட்டு ஒண்ணும் பெருசா ஆச்சரியப்படல. ஃபோன வாய்கிட்ட வெச்சுக்கிட்டு, "என்ன கொழம்பு?"ன்னாங்க.